ஆதுரன் கொடுக்கும் தானம் செல்லுமா?



ப்ரஹ்மோத்ஸவ காலத்தில் எம்பெருமானை ஸேவிக்க வரும் அன்பர்கள், தீர்த்தமும் ஸ்ரீசடாரியும் பெற்றுக்கொண்டு, சற்றே ஒதுங்கி நின்று அர்ச்சகர்களிடம் தம் ஐயங்களைக் கேட்பது என்றுமுள்ள வழக்கம். ஏகாதசி இன்றா நாளையா, தாயாதித் தீட்டு எத்தனை நாள், ஸாளக்ராமத்தை வீட்டில் வைத்து ஆராதிக்கலாமா என்பன போன்றவற்றுக்குப் பஞ்சாங்கமும் பெரியோர் அநுஷ்டானமும் விடை சொல்லிவிடும். சில ஆண்டுகளாக இவற்றோடு வேறொரு கேள்வியும் அடியேன் செவியில் விழுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் நாட்கணக்கில் படுத்திருந்து மீண்டவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் கேட்பது இது: "டாக்டர்கள் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, இந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, உங்களையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கிறார்கள். ஒப்புக்கொள்வது புண்ணியமா? இந்தச் சரீரம் பெருமாள் தந்தது. இதைச் சோதனைக்குக் கொடுக்க எனக்கு ஏது அதிகாரம்?"

இப்படிக் கேட்பவர்கள் சரீரம் யாருடையது என்பதிலேயே கருத்தை வைக்கிறார்கள். அதுவும் ஆராயத்தக்கதே, பின்னர் அதற்கு வருவோம். ஆனால் அதற்கும் முன்னே நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. படுக்கையில் கிடப்பவன், வலியால் வாடுபவன், எதிரே நிற்கும் வைத்தியரையன்றி வேறு கதி காணாதவன் ஒருவன், எதையாவது கொடுக்கிறேன் என்று சொன்னால் அது கொடுத்ததாகுமா?

இது நம் பெரியோர்க்குப் புதிய கேள்வியன்று. தர்மசாஸ்திரங்களின் வ்யவஹாரப் பகுதியில், கொடுத்த பொருளைப் பற்றி எழும் வழக்குகளுக்கென்று தனி ப்ரகரணமே உண்டு. அங்கே நாரத ஸ்ம்ருதி, கொடுத்தும் கொடுக்கப்படாததாகவே கருதவேண்டிய 16 வகைகளை எண்ணுகிறது. அச்சத்தால் கொடுத்தது, கோபத்தால் கொடுத்தது, சோகத்தின் வேகத்தில் கொடுத்தது, நோயின் பீடையால் கொடுத்தது, லஞ்சமாகக் கொடுத்தது, விளையாட்டாகக் கொடுத்தது, ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்கிக் கொடுத்தது, வஞ்சனையால் வாங்கப்பட்டது, பாலனும் மூடனும் பிறர்வசப்பட்டவனும் துன்புற்றவனும் கொடுத்தது, "இவன் எனக்கு இன்ன காரியம் செய்து தருவான்" என்ற எதிர்பார்ப்பில் கொடுத்தது என்று அவ்வரிசை செல்கிறது. இத்தகைய கொடைக்கு அதத்தம் என்று பெயர். கை மாறியிருக்கலாம், உரிமை மாறவில்லை என்பது பொருள்.

இவ்வரிசையை ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகே நின்று படித்துப் பார்க்கவேண்டும். அச்சம் அங்கே உண்டு. சோகம் உண்டு. நோயின் பீடையைச் சொல்லவே வேண்டா. பிறர்வசமோ எனில், எழுந்து உட்காரவும் ஒருவர் கை வேண்டியிருக்கிறது. மயக்கமும் உண்டு, "ஆராய்ச்சி" என்று டாக்டர் சொன்னதை "புது வைத்தியம்" என்று செவி வாங்கிக்கொள்கிறது. "கையெழுத்துப் போட்டால் நம்மைக் கூடுதலாகக் கவனிப்பார்கள்" என்ற எதிர்பார்ப்பும் இல்லாமலில்லை. 16இல் ஆறு ஒரே கட்டிலில் சேர்ந்து கிடக்கக் காண்கிறோம். அப்படியாயின், நோயாளி எவனுமே ஆராய்ச்சிக்குச் சம்மதம் கொடுக்க இயலாது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாமல், கேட்கப்படும் பொருள் யாது என்று முதலில் பார்ப்போம்.

சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு. சிகிச்சையென்பது கட்டிலில் கிடக்கும் இந்த ஒருவனுக்காகவே செய்யப்படுவது. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலர் சாலை நடந்ததையும், அதற்கு வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், பணிப்பெண்கள் முதலியோர் நியமிக்கப்பட்டதையும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அது வரிசையாகச் சொல்கிறது. அங்கே சொன்ன அனைத்தும் அந்தப் 15 பேருக்காக. ஆராய்ச்சியோ இனி வரப்போகும் முகமறியாத நோயாளிகளுக்காக. அதனால் இன்றைய நோயாளிக்கு நன்மை வரலாம், வராமலும் போகலாம். நன்மை வருமென்று முன்பே உறுதியாகத் தெரிந்திருந்தால் ஆராய்ச்சியே வேண்டியிராது.

இவ்வேறுபாட்டை மறப்பதால் விளையும் குழப்பம் ஒன்றைச் சொல்லவேண்டும். சரக ஸம்ஹிதை நோயாளிக்கு இருக்கவேண்டிய நான்கு குணங்களைச் சொல்லுமிடத்தில், வைத்தியர் சொன்னபடி நடப்பதையும் ஒரு குணமாகக் கூறுகிறது. சிகிச்சையில் அது முற்றும் உண்மை. மருந்தை வேளை தவறாமல் உண்ணாதவனை தன்வந்தரியே வந்தாலும் என் செய்வார்! ஆனால் அதே வைத்தியர் ஆராய்ச்சிப் பத்திரத்தோடு வரும்போது, அவர் யாசகராக வருகிறார். யாசகருக்குக் கீழ்ப்படிதல் என்று ஒன்று இல்லை. கொடுப்பது உண்டு, கொடாமையும் உண்டு. காலையில் ஊசிக்கு நீட்டிய கையை அதே பழக்கத்தில் மாலையில் பத்திரத்துக்கும் நீட்டினால், அது சிகிச்சையின் பணிவேயொழியத் தானமாகாது.

இனி, ஆராய்ச்சி நடக்கும் முறை. இதைக் கேட்டுத்தான் பலர் திடுக்கிடுகிறார்கள். இரண்டு சிகிச்சைகளில் எது சிறந்தது என்று தெரியாதபோது, நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள். பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. இன்று அந்தச் சீட்டைக் கணிப்பொறி எடுக்கிறது. "உயிர் விஷயத்தில் சீட்டா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம் கோயில்களில் திருவுளச்சீட்டு என்ற வழக்கம் அறியாதது அன்று. இரு பக்கமும் ஒத்து நின்று, மநுஷ்ய புத்தி ஒரு பக்கமும் சாயக்கூடாதபோது, சீட்டெழுதி ஸந்நிதியில் வைத்து எடுக்கிறோம். உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில், 10ஆம் நூற்றாண்டில், சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலை இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னதும் இக்கருத்தாலேயே. தேறக்கூடிய நோயாளிக்கெல்லாம் தாம் விரும்பும் மருந்தையே டாக்டர் கொடுத்துவிட்டால், பிழைத்தது மருந்தாலா, நோயாளியின் திடகாத்திரத்தாலா என்று ஒருநாளும் விளங்காது. ஆகவே சீட்டு குற்றமன்று. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எது சிறந்தது என்று வைத்தியருக்கு மெய்யாகவே தெரியாமலிருக்கவேண்டும். தெரிந்துகொண்டே சீட்டுப் போடுவது வஞ்சனை.

இதற்கு நம் சென்னையிலேயே உலகறிந்த உதாரணம் உண்டு. 1950களில் க்ஷயரோகம் வந்தவர் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்கவேண்டும், நல்ல காற்றும் போஷாக்கும் ஓய்வும் வேண்டும் என்பதே எங்கும் வழங்கிய வைத்தியம். நோயாளிகளோ லக்ஷக்கணக்கில், படுக்கைகளோ மிகச் சில. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு நிலையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. அங்கே 193 நோயாளிகளைச் சீட்டுமுறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர் தம் தம் வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம்.

வீடு என்றால் எத்தகைய வீடு? நகரத்து ஏழைகளின் நெருக்கமான சிற்றறைகள். சானடோரியத்தில் இருந்தவர்க்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்க்கு இரண்டும் குறைவு. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நோய் தொற்றிவிடுமோ என்ற அச்சம் வேறு. 1959இல் முடிவு வெளிவந்தபோது உலகம் வியந்தது. வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் ஏறத்தாழ சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்திருந்தனர். குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தும், வீட்டில் சிகிச்சை பெற்றதால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வந்ததாகக் காணவில்லை. மருந்து உள்ளே சென்றபின் வீட்டாரோடு இருப்பதால் அபாயம் பெரிதாகக் கூடுவதில்லை என்று விளங்கிற்று. தாயைப் பிள்ளையிடமிருந்தும், கணவனை மனைவியிடமிருந்தும் பிரித்து ஊருக்கு வெளியே வைக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளிலும் குறைந்ததற்கு அந்த 193 பேர் காரணமாயினர். நம் கோயில்களில் ட்யூப்லைட் உபயம் செய்தவர் பெயரையும் வெளிச்சம் மறையும்படி அதன்மேல் எழுதிவைக்கிறோம். இவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

அண்மையில் 2020இல் கொரோனாப் பெருநோய் வந்தபோதும் இதையே கண்டோம். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்த 6,400க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சீட்டுமுறையில் பிரித்துப் பார்த்ததில், டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, விலை மலிந்த மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது தெரியவந்தது. அதே ஆண்டில் நம் நாட்டில் 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளைக் கொண்டு, குணமானவரின் ப்ளாஸ்மாவை ஏற்றிப் பார்த்ததில் நோய் முற்றுவதையோ மரணத்தையோ அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. அப்படியும் 2021இல் ப்ளாஸ்மா தேடி எத்தனை பேர் இரவும் பகலும் அலைந்தார்கள்! அவ்வாண்டு மே மாதத்தில்தான் அது சிகிச்சை முறையிலிருந்து நீக்கப்பட்டது. ஒன்று பயன்படாது என்று கண்டறிந்து சொல்வதும் லோகோபகாரமே.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாமல் அன்பர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லுவது அர்ச்சகனுக்குத் தகாது. 1963இல் அமெரிக்க நாட்டு ந்யூயார்க் நகரில், நாட்பட்ட நோயாளிகளுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் 22 பேருடைய தோலின் கீழ் உயிருள்ள புற்றுநோய் அணுக்களைச் செலுத்தினார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அறியும் சோதனை என்று சொன்னார்களேயன்றி, செலுத்துவது புற்றுநோய் அணு என்று சொல்லவில்லை. அச்சொல்லைக் கேட்டால் வீணே பயப்படுவார்கள் என்பது பின்னர் கூறப்பட்ட சமாதானம். அவ்வணுக்கள் உடலில் நிலைக்காமல் அழிந்துவிடும், தீங்கில்லை என்றும் கூறினர். தீங்கில்லாமலே போகட்டும். ஒருவன் உறங்கும்போது அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்கவில்லை என்று சொல்பவனை நாம் என்னவென்போம்? அங்கேயே பணிபுரிந்த இளம் மருத்துவர் மூவர் அதைச் செய்ய மறுத்தார்கள் என்பது மனத்துக்கு ஆறுதல் தரும் செய்தி.

இதனினும் கொடியது அந்நாட்டு அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை நடந்தது. மேகநோயால் பீடிக்கப்பட்ட 399 கறுப்பினத்து ஏழைகளுக்கு, வைத்தியம் செய்வதாகச் சொல்லிக்கொண்டே வைத்தியம் செய்யாமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு சுகாதாரத் துறையினர் 40 ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடையே 1940களில் பென்சிலின் அந்நோயைக் குணமாக்கும் என்று உலகெங்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கொடுக்கவில்லை. 1997இல் அந்நாட்டு ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர்களில் உயிரோடிருந்தவர் சிலரே. ஹிட்லரின் முகாம்களில் மருத்துவர் செய்த கொடுமைகளை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம் 1947இலேயே, மநுஷ்யரைக் கொண்டு செய்யும் சோதனைக்கு அவரவருடைய ஸ்வதந்திரமான சம்மதம் இன்றியமையாதது என்று முதல் விதியாக வகுத்துவிட்டது. மேற்சொன்ன இரண்டும் அவ்விதி வந்தபின்னும் நடந்தவை.

இவ்விடத்தில் நம் ஸம்ப்ரதாயத்தில் பழகியவர்க்கு ஒரு மயக்கம் வரக்கூடும். எம்பெருமான் ஜீவனை ரக்ஷிக்க, ஜீவன் விலக்காமலிருந்தாலே போதும் என்று நம் பூர்வாசாரியர்களில் ஒரு சாரார் அருளிச்செய்வர். ஒரு வ்யாஜமாவது வேண்டும் என்பர் மற்றவர். அந்த வாதத்துக்குள் உத்ஸவ மலரில் புகவேண்டியதில்லை. விலக்காமை போதும் என்பதற்குக் காரணம், ரக்ஷிப்பவன் ஸர்வஜ்ஞன், நம்மைத் தன் உடைமையாகக் கொண்ட சேஷி, நம் நன்மையைத் தவிர அவனுக்கு வேறு பேறு இல்லை என்பதே. வைத்தியர் ஸர்வஜ்ஞர் அல்லர். அறியாமையால்தானே ஆராய்ச்சி செய்கிறார்! நம் நன்மையோடு வருங்கால நோயாளிகளின் நன்மையும், தம் கட்டுரையின் புகழும், சில வேளை மருந்துக் கம்பெனியின் லாபமும் அவர் தராசில் இருக்கின்றன. ஆகையால் வைத்தியரிடம் நம்பிக்கை வைக்கலாம், வைக்கவும் வேண்டும், சரணாகதி செய்யலாகாது. நோயாளி மௌனமாக இருந்தார், தலையை ஆட்டினார் என்பதெல்லாம் எம்பெருமானுக்குப் போதுமாயிருக்கலாம். மநுஷ்யருக்குப் போதாது.

இப்போது நாரதர் எழுப்பிய தடைக்குத் திரும்புவோம். காத்யாயன ஸ்ம்ருதி முழுநூலாக நமக்குக் கிடைக்கவில்லை. நிபந்த நூல்களில் எடுத்தாளப்பட்ட ச்லோகங்களாகவே கிடைக்கிறது. அதில் இவ்விஷயத்துக்கு அரிய விடை ஒன்று உண்டு. ஸ்வஸ்தனாயினும் ஆதுரனாயினும், தர்மத்தின் பொருட்டு ஒருவன் பிறர் கேட்க வாய்விட்டு அறிவித்த தானத்தைக் கொடாமலே இறந்துபோனால், அவன் புத்திரன் அதைக் கொடுக்கும்படி செய்யவேண்டும் என்பது அதன் கருத்து. ஆக, நோயாளியின் கொடையெல்லாம் செல்லாது என்பது பொது விதி. தர்மத்தை முன்னிட்டு, பிறர் அறிய அறிவித்துக் கொடுத்தது செல்லும் என்பது அதற்கு விலக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய அளவுகோல் கிடைத்துவிடுகிறது. தனக்கு வரும் பலனுக்காக என்று மயங்கிக் கொடுத்தால் அது அதத்தம். "இதனால் எனக்கு நன்மை வராமலும் போகலாம்; வருகிறவர்களுக்கு உதவட்டும்" என்று தெரிந்து, நாலு பேர் அறியச் சொல்லிக் கொடுத்தால், கட்டிலில் கிடந்து கொடுத்தாலும் தானமே.

தெரிந்து என்றால் எவ்வளவு தெரிந்து? மஹாபலியின் யாகசாலையை நினைத்துக்கொள்ளலாம். மூன்றடி மண் கேட்டு வந்த குறளன் யார், கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சுக்ராசாரியர் தாரை வார்க்குமுன்னே மஹாபலிக்கு எடுத்துச் சொல்லிவிட்டார். வேண்டா என்று தடுத்தும் பார்த்தார். அபாயம் முழுவதையும் கேட்டுக்கொண்டபின் மஹாபலி கொடுத்தான்; அதனால்தான் அது அவன் கொடையாயிற்று. சிறிய உருவில் வந்து கேட்டுப் பின்னர் உலகளந்தது எம்பெருமானுக்கே அடுத்த லீலை. ஆராய்ச்சியாளர் மூன்றடி கேட்டால் மூன்றடியோடு நிற்கவேண்டும். ஒரு குழாய் ரத்தம் என்று வாங்கியதைப் பத்தாண்டு வைத்திருந்து வேறு ஆராய்ச்சிக்கும் பயன்படுத்துவதாயின், அதையும் முதலிலேயே சொல்லியாகவேண்டும்.

இதற்கு நேர்மாறானது ஏகலவ்யன் கதை. மலர்ந்த முகத்தோடு விரலைக் கொடுத்தான் என்றுதான் பாரதம் சொல்கிறது. ஆனால் கேட்டவர் குருவாக வரிக்கப்பட்டவர். கேட்கப்பட்டவன் வேடர்குலச் சிறுவன். அருகே நின்று "யோசித்துச் சொல்" என்று கூற அவனுக்கு ஒரு சுக்ராசாரியர் இல்லை. அக்கதையைப் படிக்கும்போது நம் நெஞ்சு உறுத்துவதற்குக் காரணம் அதுவே. கூலிவேலை செய்து, இலவச வார்டில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரிடம் பெரிய டாக்டரே நேரில் வந்து கேட்டால், அவர் முகமும் மலரத்தான் செய்யும். கல்லாதவர், முதியோர், கணவரையோ மகனையோ பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லும் ஸ்த்ரீகள் ஆகியோரிடம் சம்மதம் கேட்கும்போது, அந்த மலர்ச்சியைக் கண்டு கேட்பவர் திருப்தியடைந்துவிடக் கூடாது.

நம் நாட்டுச் சட்டமும் இதை ஓரளவு உணர்ந்தே வகுக்கப்பட்டிருக்கிறது. புது மருந்துகளின் சோதனைக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வோர் ஆராய்ச்சியையும் முன்னதாக ஓர் அறநெறிக் குழு ஆராய்ந்து ஒப்பவேண்டும். அதில் ஏழு பேருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். மருத்துவரல்லாத பொதுமனிதர் ஒருவரும், சட்டம் அறிந்தவரும், பெண் ஒருவரும் வேண்டும். தத்துவ அறிஞரோ சமய சாஸ்திரம் வல்லவரோ அமர்வதற்கும் அங்கே இடம் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நம் பாடசாலை வித்யார்த்திகள் கவனிக்கவேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறும்போது, பக்ஷபாதமற்ற ஸாக்ஷி ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருக்கவேண்டும். காத்யாயனர் பிறர் கேட்க என்று சொன்னதும் இதுவும் வேறல்ல. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் அவ்விதிகள் இடம் செய்திருக்கின்றன.

சில அன்பர்கள், "சேரலாமா வேண்டாமா என்று பெருமாளிடமே சீட்டுப் போட்டுப் பார்த்துவிடுங்கள்" என்கிறார்கள். அடியேன் அதற்கு இசைவதில்லை. புத்தியால் அறியக்கூடியதை அறிந்தபின்னும் இரு பக்கமும் ஒத்து நின்றால்தான் திருவுளச்சீட்டு. விவரத் தாளைப் பிரித்தும் பாராமல் சீட்டுக்கு ஓடுவது பெருமாளுக்கு நம் சோம்பலைச் சமர்ப்பிப்பதாகும். அத்தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டிலுள்ள படித்த பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லவேண்டும். சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும், சேர்ந்தால் என்ன மாறும், கூடுதலாக எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், செலவு யாருடையது என்று டாக்டரைக் கேட்கவேண்டும். கேட்பதால் கோபிப்பவரிடம் சம்மதம் கொடுக்கத் தேவையில்லை. மறுத்தவரைத் தயையில்லாதவர் என்று எவரும் எண்ணவும் கூடாது. வீட்டில் ஒரு கைக்குழந்தையை விட்டுவந்த தாய், தனக்கு எந்த அபாயமும் கூடுதலாக வேண்டா என்றால், அவளும் தர்மத்தையே செய்கிறாள்.

இனி, சரீரம் யாருடையது என்ற கேள்வி. விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் ஜீவனும் அவன் சரீரமும் எம்பெருமானுக்குச் சேஷம். அப்படியானால் கொடுக்க நாம் யார்? எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் ஜீவனுடைய கர்த்ருத்வத்தை நிரூபிக்குமிடத்தில் ஒரு த்ருஷ்டாந்தம் காட்டுகிறார். இருவருக்குப் பொதுவான பொருளை மூன்றாமவனுக்குக் கொடுக்க விரும்பும் ஒருவன், மற்றவனுடைய அநுமதியின்றிக் கொடுக்க இயலாது; ஆயினும் அநுமதியைப் பெற்றுக் கொடுத்தவன் அவனேயாகையால் அதன் பலன் அவனையே சாரும். ஜீவன் முதலில் முயல்கிறான். அந்தர்யாமியான எம்பெருமான் அதைப் பார்த்து அநுமதி தந்து நடத்துகிறான். கீதையும் அவனை அநுமந்தா என்றே அழைக்கிறது. ஸர்வேச்வரனே ஜீவனுடைய முதல் முயற்சியை எதிர்பார்த்து நிற்கிறான் என்றால், ஒரு டாக்டர் அதற்குக் காத்திராமல் முந்துவது எங்ஙனே பொருந்தும்? நம் பக்கத்தில், அவன் உடைமையை அவன் திருவுள்ளத்துக்கு உகந்த பிராணிகளின் நன்மைக்கு, அழிவுக்கு ஆளாக்காமல் பயன்படுத்துவதற்கு அவன் அநுமதி உண்டென்று கொள்வதில் தடையில்லை. வீணான அபாயத்தில் அதை எறிவதற்கு அநுமதி உண்டென்று கொள்ளமுடியாது.

மாறனேரி நம்பி தம் ஆசாரியரான ஆளவந்தாரின் நோயையே ப்ரஸாதமாகக் கேட்டுப் பெற்றாரே என்று சிலர் சொல்வர். உண்மை, அவரே கேட்டார், ஆளவந்தார் அவரைக் கேட்கவில்லை. அதை மேற்கோள் காட்டி நோயாளிகளை உந்துவதற்கு ஒருவருக்கும் உரிமையில்லை.

கடைசியாக, சாஸ்திரமும் இக்காலத்து விதியும் முரண்படுவதுபோல் தோன்றும் இடம் ஒன்று இருக்கிறது. அறிவித்த தானத்தைப் புத்திரனாவது நிறைவேற்றவேண்டும் என்கிறார் காத்யாயனர். ஆராய்ச்சியில் சேர்ந்தவரோ எந்த நேரமும் விலகலாம், அதனால் அவர் சிகிச்சை குறையாது என்கிறது விதி. அடியேனுக்குத் தோன்றுவது இது. பசுவையோ பூமியையோ ஒரு முறை தாரை வார்த்தால் அது நம்மைவிட்டுப் போய்விடுகிறது. சரீரத்தை அப்படிக் கொடுப்பதில்லை; அதில் நாமே இருந்துகொண்டு, நாள்தோறும் ஒரு கைங்கர்யத்துக்கு அதை உட்படுத்துகிறோம். கைங்கர்யத்துக்கு அன்றன்று ஸங்கல்பம். இன்றுவரை கொடுத்த ரத்தமும் அதனால் எழுதப்பட்ட குறிப்புகளும் கொடுத்தவையே; அவற்றைத் திரும்பக் கேட்பது முறையன்று. நாளைக்கு என்பது இன்னும் கொடுக்கப்படாதது. தந்தை சம்மதித்துச் சேர்ந்து, இடையில் நினைவிழந்து கிடக்கும்போது, "அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்" என்று மகன் தயங்கவேண்டியதில்லை. அவர் வலி கூடுகிறதென்று கண்டால் நிறுத்தும்படி சொல்லலாம். சம்மதப் பத்திரத்தின் ப்ரதி ஒன்றை நோயாளியிடம் கொடுக்கவேண்டும் என்பது விதி. அதை மருந்துச் சீட்டுகளோடு சேர்த்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளலாம். யாரிடம் பேசவேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். விலகுவதாகச் சொன்னால் போதும், காரணம் சொல்லவேண்டியதில்லை.